தடைக்காலத்தில் தொடங்கலாம்: வீடியோ கேமுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிகளுக்கும் அதை ஒட்டியே கோடை விடுமுறை வருகிறது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து இளைஞர்கள் பகலில் வலை பழுது பார்ப்பது, படகுக்கு வண்ணம் அடிப்பது என்று இருந்துவிட்டு, மாலையில் கைபேசியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். "அண்ணே, ஏதாவது நல்ல கேம் சொல்லுங்கள்" என்று என்னிடம் கேட்பவர்கள் இந்த மாதங்களில்தான் அதிகம். பெரும்பாலோர் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. சிலர் அதையும் தொட்டதில்லை. அவர்களுக்காக எழுதுகிறேன். அண்மையில் நான் விளையாடியவற்றை வைத்தே சொல்வதால் என் விருப்பு வெறுப்பு இதில் தாராளமாகவே இருக்கும்.

முதல் படி: நிறுத்த முடியுமா என்று விசாரியுங்கள்

படம் தெளிவாக இருக்கிறதா, எத்தனை மணி நேரம் ஓடும், விருது வாங்கியிருக்கிறதா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, நினைத்த மாத்திரத்தில் நிறுத்திவிட்டு எழுந்திருக்க முடியுமா என்பதை. நம் கரையில் ஒரு மாலைப் பொழுது முழுதாக யார் கைக்கும் கிடைப்பதில்லை. காற்று சற்றுப் பலத்தால் மின்சாரம் போய்விடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாட்டுப்படகுக்காரர் வீட்டில் விடியும் முன்பே எழ வேண்டும். படகு வந்துவிட்டது என்று யாராவது குரல் கொடுத்தால் வலையிலிருந்து மீன் எடுக்க வீட்டில் உள்ள அத்தனை பேரும் போக வேண்டும்.

இந்தக் கணக்கில் கேம்கள் மூன்று வகை. எந்த இடத்திலும் நிறுத்தலாம், விட்ட இடத்திலேயே தொடரலாம் என்பது ஒன்று. குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால்தான் சேமிக்கும் என்பது இன்னொன்று. எழுந்தால் ஆட்டமே போயிற்று என்பது மூன்றாவது. இணையத்தில் பலரோடு ஆடுபவை எல்லாம் இந்த மூன்றாவது வகை. புதியவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அது இலவசம். பிறகு ஒரு மாதத்தில் எரிச்சலோடு கைபேசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேம் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: கையில் இருப்பதிலேயே தொடங்குங்கள்

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். கைபேசி போதும். வீட்டில் மடிக்கணினி இருந்தால் இன்னும் நல்லது. மின்சாரம் போனாலும் அதன் பேட்டரி காப்பாற்றும். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். ஸ்டார்டியூ வேலி போன்ற சிறிய கேமுக்கு 2 ஜிபி நினைவகமே போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடை, விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. பழைய மடிக்கணினி என்றால் முதலில் விண்டோஸை மாற்ற வேண்டியிருக்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் வேறு கதை. காக்காவோ (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மச்சானோ துபாயிலிருந்து கொண்டு வந்த பிளேஸ்டேஷன் பல வீடுகளில் இருக்கிறது. மின்னழுத்தத்தில் பிரச்சினை இல்லை. அங்கும் இங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பிளக் மட்டும் சதுரக் கால்களோடு இருக்கும். அதற்கு அடாப்டர் தேடி அலையாமல் இங்கேயே ஒரு மின்கம்பி வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய தலைவலி, பிளேஸ்டேஷனில் கேம் வாங்கத் தொடங்கும் கணக்கில்தான் வரும். கணக்கு தொடங்கும்போது நாடு என்று எதைக் கொடுக்கிறீர்களோ அதைப் பின்னால் மாற்ற முடியாது. அமீரகக் கணக்காக இருந்தால் அந்த நாட்டுக் கடையில்தான் வாங்க முடியும். நம் ஊர் வங்கி அட்டையை அது பெரும்பாலும் ஏற்காது. டிஸ்க் எந்த நாட்டில் வாங்கியதானாலும் ஓடும். ஆனால் கூடுதல் பகுதிகளைத் தனியாக வாங்கும்போது அவை டிஸ்க்கின் நாட்டுக்கும் கணக்கின் நாட்டுக்கும் பொருந்த வேண்டும். ஆகவே இங்கே இருப்பவர் பெயரில் இந்தியக் கணக்கு ஒன்றைத் தனியாகத் தொடங்கிவிடுவதே நல்லது. "காக்கா, உங்கள் கணக்கிலேயே வாங்கிக் கொடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் துபாய்க்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாம் படி: முதல் கேம், கடலைப் பற்றியது

நம் ஊர்க்காரருக்கு முதலில் நான் கொடுப்பது டிரெட்ஜ். நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் செய்தது, 2023 மார்ச்சில் வந்தது. நீங்கள் ஒரு மீனவர். பாறையில் மோதிப் படகு போய்விடுகிறது. ஊர் மேயர் வேறொரு படகு தருகிறார், கடனுக்கு. பிடிக்கிற மீனை விற்று அந்தக் கடனை அடைக்க வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு மீனை அவரிடமே போட்டுக்கொண்டிருக்கும் எவருக்கும் இந்தத் தொடக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

இதன் அழகு படகின் அடிப்பகுதியில் இருக்கிறது. அது சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மீனும் ஒரு வடிவம். விலாங்கு நீளமாகக் கிடக்கும், கணவாய் இன்னொரு கோணலில் நிற்கும்; திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். எஞ்சின், தூண்டில், விளக்கு, வலை எல்லாமும் அதே படகில்தான் இடம் பிடிக்கும். பெரிய எஞ்சின் வைத்தால் சீக்கிரம் திரும்பலாம், ஆனால் மீனுக்கு இடம் குறையும். பாறையில் இடித்தால் ஒரு கட்டம் உடையும். அந்தக் கட்டத்தில் இருந்த மீன் போகும், எஞ்சின் இருந்தால் அது ஓடாது. நேரமாக ஆக மீன் பழசாகும், விலை இறங்கும். இன்னும் ஒரு மீனுக்கு இடம் இருக்கிறதே என்று நின்றுகொண்டிருந்தால் இருட்டிவிடும். இருட்டியபின் அந்தக் கடலில் நடப்பவை வேறு. இல்லாத பாறை எதிரே முளைக்கும். அச்சம் ஏற ஏறப் பார்வை கலங்கும்.

படகு நகரும்போதும் மீன் பிடிக்கும்போதும் மட்டுமே இதில் நேரம் ஓடுகிறது. நீங்கள் சும்மா நின்றால் சூரியனும் நிற்கும். கரையில் படகைக் கட்டினால் தானே சேமித்துக்கொள்ளும். அதாவது அம்மா கூப்பிட்டால் போகலாம். பயம் பிடிக்காதவர்களுக்கு, கடல் பிராணிகள் தாக்காத சாதுவான முறையும் வைத்திருக்கிறார்கள். வெட்கப்படாமல் அதைத் தேர்ந்தெடுங்கள்.

குறை உண்டு. தூண்டிலில் மீன் பிடிப்பது என்பது திரையில் நகரும் குறியைப் பார்த்துச் சரியான நேரத்தில் தட்டுவது மட்டுமே. கடைசி மீன்வரை அதுதான். காற்றைப் பார்த்து வலை விடும் வேலை எதுவும் இல்லை. பாம்பன் கடலில் தொழில் செய்கிற ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நீரோட்டம் எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பின்பாதியில் ஒரு தீவுக்குப் போ, பொருளை எடுத்துக் கொண்டு வா என்று அலைக்கழிப்பதும் சலிப்பாக இருந்தது. ஆனாலும் முதல் கேமாக இதற்கு இணை இல்லை என்பதே என் எண்ணம்.

கைபேசிதான் இருக்கிறது என்பவர்கள் ஸ்டார்டியூ வேலியில் தொடங்கலாம். எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாளாகச் செய்து 2016-இல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன பண்ணையைத் திருத்திப் பயிர் செய்ய வேண்டும், ஊராரோடு பழக வேண்டும். இதில் மீன்பிடித்தல் டிரெட்ஜைவிடக் கடினம்: மேலும் கீழும் துள்ளும் மீனைப் பச்சைப் பட்டைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். எந்தப் பருவம், எந்த நேரம், மழையா வெயிலா என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் மீன் மாறும். அது நம்மவர்களுக்குப் பிடிக்கும். ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். கணினியில் விளையாடினால் இரவு படுக்கும்போதுதான் சேமிக்கும். மின்சாரம் போனால் அதிகபட்சம் அந்த ஒரு நாள் உழைப்புத்தான் போகும், தாங்கிக்கொள்ளலாம்.

நான்காம் படி: இரண்டாவது கேமை வேறு வகையில் எடுங்கள்

முதல் கேம் பிடித்துவிட்டால் அதே போல் இன்னொன்று தேடாதீர்கள். எதில் உங்களுக்கு ருசி என்று தெரிய நாலு வகையையாவது தொட்டுப் பார்க்க வேண்டும்.

கதை வேண்டும் என்றால் வெண்பா. கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லி, புட்டு, பிரியாணி என்று போகிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது வெளிநாட்டு விளையாட்டாளருக்குப் புதிர். நம் வீட்டுப் பெண்கள் அதை யோசிக்காமலே முடித்துவிடுவார்கள். என் அக்காவிடம் கொடுத்தேன். கேம் என்றாலே முகம் சுளிப்பவர், புட்டுக்குழலைப் பார்த்ததும் கன்ட்ரோலரை (கையில் பிடித்து ஆடும் பொத்தான் கருவி) என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம் விழாவின் முதன்மைப் பரிசும் இதற்குக் கிடைத்தன. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சமையல் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பதுதான் என் மனக்குறை. கவின் வளர்ந்து தன் வீட்டாரோடு பேசத் தடுமாறும் பகுதியை, பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் பெற்றோரோடு சேர்ந்து பார்க்காதீர்கள். பார்த்தால் அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

மூளைக்கு வேலை வேண்டும் என்றால் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் செய்தது, 2018. காணாமல் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று 1807-இல் ஆளில்லாமல் மிதந்து வருகிறது. நீங்கள் காப்பீட்டுக் கணக்கு எடுக்க வந்த அதிகாரி. கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். பிணத்தின் அருகே ஒரு கடிகாரத்தைத் திறந்தால் அந்த ஆள் செத்த நொடி அப்படியே உறைந்து நிற்கும்; சுற்றி வந்து பார்க்கலாம். யார் பெயரையும் யாரும் சொல்லித் தருவதில்லை. உடையைப் பார்க்க வேண்டும், எந்தத் தொங்கு படுக்கையில் படுத்திருக்கிறான் என்று எண்ணைப் பார்க்க வேண்டும், பேச்சின் சாயலைக் கேட்க வேண்டும். ஆள் பட்டியலில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். மூன்று பேரைச் சரியாகக் குறித்தால்தான் சரி என்று ஒப்புக்கொள்ளும், அதனால் குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது.

எந்த இடத்திலும் நிறுத்தலாம். ஆனால் ஒரு வாரம் விட்டுவிட்டால் யார் எவர் என்பது மறந்துபோகும், ஆகவே பக்கத்தில் நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும்; ஆங்கிலம் படிக்கிற தம்பியையோ தங்கையையோ கூட உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் சுவை. அண்மையில் விளையாடியதில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒருமுறை முடித்துவிட்டால் மறுபடி விளையாட முடியாது என்பதுதான் வருத்தம். விடை தெரிந்த விடுகதையாகிவிடும்.

கைவேகம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு. செலஸ்ட், மலை ஏறும் பெண்ணின் கதை, 2018. விழுந்தால் அதே திரையில் நொடியில் எழுந்துவிடலாம். கடினமாக இருந்தால் உதவி முறையில் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம். மற்றது ஹேடீஸ், 2020. பாதாள உலகத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கும் இளவரசன் செத்துச் செத்து வீட்டுக்கே திரும்புகிறான், ஒவ்வொரு முறையும் கதை ஒரு அடி நகர்கிறது. அதில் கடவுள் முறை என்று ஒன்று இருக்கிறது: உங்கள் மேல் விழும் அடியில் 20 சதவீதம் குறைத்து, ஒவ்வொரு சாவுக்கும் மேலும் 2 சதவீதம் என்று 80 வரை குறைத்துக்கொண்டே போகும். புதியவர்கள் அதைப் போட்டுக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. நடுவில் நிறுத்தினால் அந்த அறையின் தொடக்கத்திலிருந்து தொடரலாம். இரண்டுக்கும் கன்ட்ரோலர் இருந்தால் விரல் பிழைக்கும்.

பலாட்ரோ பற்றி ஓர் எச்சரிக்கை. 2024-இல் வந்தது, கைபேசியிலும் உண்டு. சீட்டுக்கட்டில் போக்கர் சேர்க்கைகளை வைத்து மதிப்பெண் குவிப்பது. எந்த நொடியும் நிறுத்தலாம், ஆனால் உங்களுக்கு நிறுத்த மனம் வராது. பணம் வைத்து ஆடுவதில்லை என்பதால் தைரியமாகக் கொடுக்கலாம். ஆனாலும் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர் முந்தைய இரவு இதைத் தொடக்கூடாது. பணம் கட்டி ஆடும் ரம்மியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு 2022-இல் தமிழ்நாடு சட்டம் போட்டது, 2025-இல் மத்திய அரசே தடை செய்தது. அது வேறு பாதை.

கார் பந்தயம் என்றால் ஃபோர்சா ஹொரைசன் 5. மெக்சிகோ சாலைகள். இடித்தால் காலத்தைப் பின்னால் சுற்றிக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறது, ஆனால் கணினி பெரியதாக வேண்டும். கால்பந்துக்கு இஃபுட்பால் இலவசம், நண்பரோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால்தான் ருசி.

எல்டன் ரிங்? எல்லாரும் கேட்கிறார்கள். 2022-இன் பெரிய கேம், கண்ணுக்கு விருந்து. ஆனால் தனியாக ஆடும்போதுகூட வழக்கமான நிறுத்தப் பொத்தான் கிடையாது. மெனுவைத் திறந்து வைத்தாலும் அடி விழுந்துகொண்டே இருக்கும். நாலைந்து கேம் முடித்தபின் வாருங்கள்.

ஐந்தாம் படி: இணையத்தில் ஆடுவதை ஓரமாக வையுங்கள், ஒழிக்க வேண்டாம்

பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவை நான் திட்டப் போவதில்லை. நண்பர்கள் அதில் இருந்தால் நீங்களும் இருப்பீர்கள். 100 பேர் இறங்கி ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சும்வரை அடித்துக்கொள்வது. முழு ஆட்டம் அரை மணி வரை போகும். நடுவில் எழுந்தால் நீங்கள் மட்டுமல்ல, உங்கள் அணியும் கெடும். அதனால் அரை மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும் இறங்குங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் நாளுக்கு 3 மணி நேரம் என்று கேமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அண்ணன் பெயரில் கணக்குத் தொடங்கி அதைத் தாண்டுவது இங்கே சகஜம். பெற்றோர் அதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஆட ஆசை என்றால் இட் டேக்ஸ் டூ வாங்குங்கள். 2021. இருவர் சேர்ந்தால்தான் ஆடவே முடியும். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் நண்பர் அனுமதி (Friend's Pass) என்ற வசதியில் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். துபாயில் இருக்கும் அண்ணன் வாங்கி, கீழக்கரையில் இருக்கும் தம்பி ஆடலாம். ஆனால் இருவரிடமும் ஒரே வகைக் கருவி வேண்டும். அங்கே பிளேஸ்டேஷன், இங்கே கணினி என்றால் சேராது.

ஆறாம் படி: தரவும் உப்பும்

கைபேசித் தரவில் நாளுக்கு 2 ஜிபிதான் என்றால் 100 ஜிபி கேம்களை மறந்துவிடுங்கள். நான் மேலே சொன்ன சிறியவை எல்லாம் ஓரிரு இரவில் இறங்கிவிடும். இறக்கிய பின் பெரும்பாலும் இணையமே தேவையில்லை. ஒருமுறை இணையத்தோடு திறந்து பார்த்துவிட்டு, பிறகு துண்டித்துவிட்டும் திறக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். மேசைக் கணினி என்றால் ஒரு யுபிஎஸ் கட்டாயம். சேமிக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பே கெட்டுவிடலாம்.

உப்புக் காற்றைப் பற்றிக் கேம் கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே கணினியை வைக்காதீர்கள். காற்றாடி உள்ளே இழுப்பது வெறும் காற்றல்ல, ஈரமும் உப்பும் மணலும். யுஎஸ்பி துளைகள்தான் முதலில் பச்சை பூக்கும். கன்ட்ரோலரை ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், அதைத் தூக்கி எறியாமல் அந்த டப்பாவுக்குள் போடுங்கள். மீன் கையோடு தொடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசிப் படி: பணம்

ஸ்டீமில் விலை ரூபாயிலேயே இருக்கும், யுபிஐ மூலம் கட்டலாம். ஜூன் கடைசியை ஒட்டியும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். அவசரமில்லாதவர்கள் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். எபிக் என்ற இன்னொரு இணையக் கடை வியாழக்கிழமைதோறும் ஏதாவதொரு கேமை இலவசமாகத் தருகிறது, கணக்கில் சேர்த்துவிட்டால் அது உங்களுடையது. ஸ்டீமில் வாங்கியது பிடிக்கவில்லை என்றால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிடிக்காத வகை எது என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை, கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். வெண்பா ஒன்றரை மணி நேரத்திலேயே முடிந்துவிடும் என்று மேலே சொன்னேன். இந்த விதியின்படி முழுதும் ஆடிவிட்டுப் பணத்தையும் திரும்பக் கேட்க முடியும். அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள், அது சின்னக் குழு.